காலித் தட்டு

அப்பாவின் கஞ்சியை அந்த ஆள் தின்றுகொண்டிருந்தார்.

அன்று நான் வேலை பார்க்கும் தேக்கா கடையில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகிற நான் ஐந்தே காலுக்கே போய்விட்டேன். பக்கத்துப் படுக்கை கபீர், அப்பா கட்டிலில் உட்கார்ந்து, அப்பா ஸ்பூனால், அப்பா கிண்ணத்தை வழித்துக்கொண்டிருக்கிறார். அப்பா சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அங்கிள், உங்களுக்குத்தான் தனித் தட்டு வருதுல்ல?”

கபீர் ஸ்பூனைக் கீழே வைத்தார். “மன்னிச்சிரு மா. ருசி இழுத்துருச்சு.”

“கஞ்சில என்ன ருசி?”

“விடு சிவானி,” என்றார் அப்பா. “பாய் என் கூட்டாளி.”

கூட்டாளியாம்!

சிங்கப்பூரில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அப்பா. ஒருத்தரைக்கூட புக்கிட் பாத்தோக் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. கபீர் வந்த முதல் நாள், “இந்தக் குறட்டைய வேற வார்டுக்கு மாத்துங்க லா” என்று சண்டை போட்டவர். பத்தே நாளில் இரண்டு பேரும் ஒரே பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு அரட்டை. அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே அந்த வார்டில்தான்.

எல்லாம் கஞ்சிக்குத்தான் என்று இப்போதுதானே தெரிகிறது.

எனக்கு அந்தத் தட்டுதான் முக்கியம். அம்மா இல்லை. படிப்பையும் விட்டாச்சு. வீட்டில் நானும் அப்பாவும்தான். தினமும் காலித் தட்டைப் பார்த்துவிட்டு, ‘சாப்பிடுறார், தேறிடுவார், வீட்டுக்கு வந்துடுவார்’ என்று பஸ் ஏறுவேன்.

நர்ஸ் பரீதாவிடம் போய்க் கத்தினேன். “இனிமே அந்த ஆள் அப்பா பக்கமே வரக் கூடாது!”

பரீதா ஏதோ சொல்ல வந்தார். கபீர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் தட்டு அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும். அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது.

அப்பாவின் துணிமணிகளை எடுக்கப் போனபோது, நேராகக் கபீரிடம் போய் நின்றேன். தினம் இரண்டு தட்டு தின்றும் எலும்பும் தோலுமாகத்தான் கிடந்தார்.

“எங்க அப்பா சாப்பாட்டத் தின்னே அவரக் கொன்னுட்டீங்க. திருப்தியா?”

“தப்புதான் மா,” என்றார். அழுதுகொண்டிருந்தார்.

பரீதா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

“உங்க அப்பாவுக்கு ரெண்டு வாரமா ஒரு வாய்கூட இறங்கல, சிவானி. ‘தட்டு நிறைய இருந்தா என் பொண்ணு பஸ் முழுக்க அழுதுகிட்டே போவா, நீங்க முடிச்சிருங்க பாய்’னு அவர்தான் கெஞ்சினாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

எதையாவது சொல்லவேண்டுமே என்று, “அங்கிளாவது நல்லா சாப்பிட்டாரே” என்றேன்.

பரீதா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“சாப்பிட்டாரா? அவருக்கு வயித்துல புத்துநோய். அவர் தட்ட அவர் தொட்டதே இல்ல. நீ கிளம்பினதும் உங்க அப்பா கஞ்சி மொத்தமும் வாந்தியா வரும். நாங்க திட்டுவோம். மறுநாள் அஞ்சு மணிக்கு மறுபடி ஸ்பூனோட வந்து உட்கார்ந்துருவாரு.”