நீலம் மாறவில்லை

"ஊசியை நிறுத்திட்டியா? யாரைக் கேட்டுப்பா நிறுத்தின?"

டாக்டர் அஹமது பாஷா போட்ட சத்தம் ராஜ வீதி வரைக்கும் கேட்டிருக்கும். ஆதிகேசவன் திரும்பி மனைவி மணியம்மாளைப் பார்த்தான்.

"நான் சொன்னா எங்க டாக்டர் கேக்கறாரு? மெட்ராஸ்லேர்ந்து வந்து மாசமாவுது, ஊசியைத் தொடவே இல்லை. இன்னைக்குக் காலையில கோயில் இட்லி வேற தின்னுக்கினு உக்காந்திருந்தாரு. பயந்துபோய்க் கையோட இட்டுக்கினு வந்துட்டேன்."

ஆதிகேசவன் தாமல் பக்கம் போகும் தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். முப்பத்தைந்து தாண்டியதும் தொந்தியும் சர்க்கரை வியாதியும் சேர்ந்தே வந்தன. வருஷக்கணக்காக இன்சுலின். வலது காலில் வந்த புண் எந்த மருந்துக்கும் ஆறவில்லை. கட்டைவிரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். விரல் போனால் பிரேக்கை எப்படி மிதிப்பேன் என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான்.

அந்தக் கவலையே தீராதபோது, ஒரு நாள் வயிற்றுப்புண் முற்றி ரத்தமாக வாந்தி எடுத்தான். மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

"நானா நிறுத்தலை டாக்டர். ஆப்பரேஷனுக்கு அப்புறம் அவங்களே ஊசியைக் குறைச்சுக்கினே வந்து நிறுத்திட்டாங்க. ஊருக்குப் போய் உங்க டாக்டர்கிட்ட காட்டுன்னாங்க. நீங்க மறுபடியும் ஆரம்பிச்சுடுவீங்கன்னு பயந்துக்கினு வரலை."

"அங்கே வெறும் கஞ்சித் தண்ணி குடுத்திருப்பாங்க. சர்க்கரை இறங்கியிருக்கும். வீட்டுக்கு வந்து சோறு தின்னா ஏறாதா? ஊசி குத்திக்கிறது கஷ்டம்தான், அதுக்காக..."

"குத்திக்கிறவனுக்குத்தான் டாக்டர் அந்தக் கஷ்டம் தெரியும்."

டாக்டர் தன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தாவீது, இவனுக்கு டெஸ்ட் பண்ணு" என்றார்.

கம்பவுண்டர் தாவீது, ஆதிகேசவன் கொண்டுவந்து கொடுத்த சிறுநீரைச் சில சொட்டு நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடிக் குழாயைக் காட்டினான். சர்க்கரை இருந்தால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும். அதிகமானால் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். ஆதிகேசவனுடையது எப்போதும் செங்கல்தான்.

குழாயில் மருந்து கொதித்தது. நிறம் மாறவில்லை.

"இன்னும் காட்டு."

காட்டினான். நீலமாகவே இருந்தது.

டாக்டர் எழுந்து வந்தார். "இது இவனுதுதானா?"

"இப்பத்தான் டாக்டர் குடுத்தாரு."

அவரே கையைக் கழுவிக்கொண்டு, வேறு குழாய் எடுத்து, புதிதாகச் செய்து பார்த்தார். அப்போதும் நீலம்தான்.

"காலைக் காட்டு."

ஆதிகேசவன் செருப்பைக் கழற்றினான். புண் இருந்த இடத்தில் ரோஜா நிறத்தில் புதுத் தோல் மூடியிருந்தது. டாக்டர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கட்டைவிரலை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"யா அல்லா..." என்றார். "வியாதி கணையத்துல. அதை யாரும் தொடவே இல்லை. வெட்டினது இரைப்பையை. அங்கே வெட்டினா இங்கே எப்படிப்பா போவும்?"

"வரதர் சாமிதான் பண்ணாரு" என்று மணியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இருக்கலாம்மா. எனக்கும் வேற சொல்லத் தெரியலை." சட்டென்று அவர் முகம் மாறியது. "தாவீது, மருந்து கெட்டுப்போயிருந்தா? கெட்டுப்போன மருந்துல எதை விட்டாலும் நீலமாத்தானே இருக்கும்?"

மணியம்மாளின் கை அப்படியே நின்றது.

"டீக்கடையில கொஞ்சம் சர்க்கரை வாங்கிக் கரைச்சு ஊத்திப் பாத்தா தெரியாதா டாக்டர்?" என்றாள்.

"கடைச் சர்க்கரைக்கு இது மாறாதும்மா. வியாதிக்காரங்களுதுதான் வேணும். இருங்க." டாக்டர் ஒரு காலிக் குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் அதைக் கையால் மறைத்தபடி திரும்பி வந்தார். தாவீதை விடாமல் அவரே சொட்டு விட்டார், அவரே விளக்கில் காட்டினார்.

நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளாகிக் கலங்கியது. பிறகு அடியிலிருந்து மேலே வரைக்கும் செக்கச்செவேலென்று செங்கல் நிறம் ஏறியது.

"மருந்து நல்லாத்தான் இருக்குது" என்றார் டாக்டர். "ஆதிகேசவா, உனக்குச் சர்க்கரை இல்லைப்பா. போய் வண்டி ஓட்டு."

மணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆதிகேசவன் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாவீதுதான் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னைக்கு சர்க்கரைக்காரங்க வேற யாரும் வரலியே டாக்டர். இது யாருது?"

"என்னுதுதான். பத்து வருஷமா இருக்குது. வீட்டுல கூடச் சொல்லலை" என்ற டாக்டர், நாற்காலியை ஆதிகேசவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த ஆப்பரேஷன் ரொம்ப வலிக்குமாப்பா?"