கறுப்புக் கண்ணாடி

"ஓரத்துல நீ உட்காருடி. அங்கேயிருந்துதான் தெரு நல்லாத் தெரியும்."

நர்ஸ் தோளைப் பிடித்து அழுத்த, தையல்காரி வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தாள்.

ஊர் சுற்றிக் காட்டுகிற மாடி பஸ். மேலே கூரை கிடையாது. மூன்று பேரும் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்கிறவர்கள். தையல்காரி அங்கே படுக்கை விரிப்பு தைப்பவள். மூன்றாமவள் லிஃப்ட் ஓட்டுகிறவள். வாய் ஓயாது, அதனால் 'லொடலொட'.

"இன்னைக்கு ஒரு நாள் அவன் பேச்சே எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் நர்ஸ்.

அவன் என்றால் தையல்காரியின் ஒரே மகன். பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்தவனிடம், ஆத்திரத்தில், "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்று சொல்லிவிட்டாள். ரோஷக்காரப் பிள்ளை. மறுநாள் காலையில் ஆளைக் காணோம். மீசைகூட முளைக்காத வயசு. வருஷங்கள் ஓடிவிட்டன. சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

பெற்ற வயிறு பற்றி எரிகிறது, இவளுகளுக்கு ஊர் சுற்றுகிற குஷி! நல்ல சிநேகிதிகள் வாய்த்தார்கள்!

பஸ் கிளம்பியது. "வலது பக்கம் தெரிவது பழைய மணிக்கூண்டு" என்றார் மைக்கில் கைடு.

"மணிக்கூண்டு கிடக்கட்டும். கீழே பாரு, எவ்வளவு கூட்டம்!" என்றாள் நர்ஸ்.

தையல்காரி மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தாள்.

"என்னடி இது, புதுப்பொண்ணு மாதிரி குனிஞ்ச தலை நிமிராம!" என்று இடித்தாள் லொடலொட.

மியூசியம் வந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். இவர்கள் இருவரும் அவளை வாசல்படியிலேயே உட்கார வைத்தார்கள்.

"உள்ளே வெறும் கல்லு. இங்கேன்னா போற வர்ற ஆளுங்களைப் பார்க்கலாம்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "உங்க பிள்ளை தொலைஞ்சிருந்தா இப்படி வேடிக்கை பார்ப்பீங்களாடி? நெஞ்சுல ஈரமே இல்லையா?"

நர்ஸின் முகம் சுண்டிப்போனது. "திட்டிக்கோ. நல்லா நிமிர்ந்து பார்த்துக்கிட்டே திட்டிக்கோ."

மறுபடி பஸ்ஸில் ஏறியதும், "வெயில் கூசுதா? இதைப் போட்டுக்கோ" என்று லொடலொட தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள்.

வசதியாகப் போயிற்று. தையல்காரி தலையை நிமிர்த்தினாள், கண்ணாடிக்குப் பின்னால் கண்களை இறுக மூடிக்கொண்டாள். இப்போது என்ன செய்வீர்கள்!

கடைத்தெரு, பாலம், ரயில் நிலையம். எதையும் அவள் பார்க்கவில்லை. மணிக்கூண்டைத் திரும்பவும் தாண்டும்போது, "ஏய், அங்க பாரேன், ஒரு தாடிக்காரப் பையன் பஸ்கூடவே ஓடி வர்றான்!" என்று லொடலொட கத்தினாள். தையல்காரி முகத்தை வெடுக்கென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸ் பெருமூச்சு விட்டது மட்டும் காதில் விழுந்தது.

பொழுது சாய்ந்தது. பஸ் ஷெட்டுக்குள் நுழைந்தது.

"எங்கேயுமே கண்ணுல படலையா?" என்றாள் நர்ஸ் மெதுவாக.

"எது?"

"உன் பிள்ளைதான்டி."

தையல்காரி கண்ணாடியைக் கழற்றினாள்.

"நம்ம ஆம்புலன்ஸ் டிரைவர் அவனை மாதிரி ஒருத்தனை இந்த ஊர்ல பார்த்தாராம். எந்தத் தெருன்னு அவருக்கு ஞாபகமில்லை. வளர்ந்த பிள்ளையை எங்களுக்கு அடையாளம் தெரியுமா? பெத்தவ கண்ணுக்குத் தப்பாதுன்னுதான் உன்னை இழுத்துட்டு வந்தோம். இந்த பஸ்ஸுன்னா எல்லாத் தெருவும் சுத்தும்."

"பாவிகளா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிடி சொல்றது? போன தடவை இப்படி ஒரு தகவல் வந்து, அது அவன் இல்லைன்னு ஆனதும் நீ என்ன பண்ணிக்கிட்டே? என் வார்டுலதானே உயிருக்குப் போராடிக்கிட்டுக் கிடந்தே!"

தையல்காரி லொடலொடவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பையன்... பஸ்கூட ஓடி வந்தானே... அவன் எப்படி இருந்தான்?"

"அவனா? எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றாள் லொடலொட. "உன்னையேதான் பார்த்துக்கிட்டு ஓடி வந்தான். நீ முகத்தைத் திருப்பிக்கிட்டதும், அப்படியே நின்னுட்டான்."