கடைசியில் வைத்த ஊழியம்

இரண்டேகால் மணி நேரம் சபைக் கமிட்டி மின்விசிறிகளைப் பற்றியே பேசியது. வெளி ஊழியம் கடைசி அஜெண்டா. அது வருவதற்குள் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படி வரும்படி அடுக்குவது செயலாளர் ஜெயசீலனின் சாமர்த்தியம்.

எல்லோரும் எழப் பார்த்தபோது புதிதாக வந்திருந்த போதகர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“மந்தாரக்குப்பம் தாண்டி சுரங்கத்துக் கான்ட்ராக்ட் ஆளுங்க குடிசை இருக்கு. நம்ம கோயில் மணி அவங்களுக்குக் கேக்குது. நாம ஒரு தடவை போனதில்ல. இனிமே அதுதான் முதல் வேலை, ஃபேன் அப்புறம். வாங்க, இப்பவே போவோம்.”

“இப்பவேவா?” என்றார் ஜெயசீலன்.

“சம்பந்திக்குச் சட்டை கசங்கிடுமேன்னு கவலை” என்று சிரித்தார் பொருளாளர் கிருபாகரன். அவர் மகனுக்கும் ஜெயசீலன் மகளுக்கும் அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அந்தக் குடிசைகளுக்குள் கால் வைத்தால் அது நடக்காது என்பது ஜெயசீலனுக்கு மட்டுமே தெரியும்.

வேலைக்குப் போகும் ஷிப்ட் பஸ் அந்தக் குடிசைத் திருப்பத்தில் வரும்போதெல்லாம் அவர் எதிர்ப்பக்க ஜன்னலைத்தான் பார்ப்பார். பார்க்காவிட்டாலும், அங்கே ஒரு உருவம் நின்று பஸ்ஸை ஜன்னல் ஜன்னலாகத் தேடுவது பிடரியில் உறைக்கும்.

போதகரும் சம்பந்திகள் இருவரும் மட்டும் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். சுரங்க இயந்திரத்தின் இரைச்சல் தூரத்தில் ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தது.

“அந்த வரிசையில ஆரம்பிப்போமே” என்றார் ஜெயசீலன். அதற்குள் போதகர் கடைசிக் குடிசையின் வாசலில் குரல் கொடுத்துவிட்டார்.

எழுபதைத் தாண்டிய ஒரு பெண் வெளியே வந்தாள். பெயர் மாணிக்கம்மாள் என்றாள். மூவரையும் பார்த்தவள், குளிரெடுத்தவள்போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“டவுன்ஷிப் கோயில்லேர்ந்து வர்றோம்மா.”

“மணி கேட்டுக்கினுதாங்க இருக்கேன். யாரும் வந்ததில்ல. உள்ள வாங்க.”

பாய் விரித்தாள். ஒரு தட்டில் பலாச்சுளை கொண்டுவந்தாள். போதகருக்கு நீட்டினாள், கிருபாகரனுக்கு நீட்டினாள், தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“இவருக்கு இல்லையாம்மா?” என்றார் கிருபாகரன்.

“அவுருக்கு வாணாங்க. வவுறு நோவும்.”

“பாத்தீங்களா சம்பந்தி, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வயிறுன்னு மூஞ்சியிலயே தெரியுது.”

ஜெயசீலன் சிரிக்க முயன்றார். சிம்னி விளக்கின் நிழல் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் போனால் எழுந்துவிடலாம்.

“பிள்ளைங்க இருக்காங்களாம்மா?” என்றார் போதகர்.

“ஒரே பையன். படிக்கப் போன எடத்துல செத்துப்பூட்டான்.”

“எப்போ?”

“மைன்ஸுக்கு எங்க ஊர எடுத்தாங்களே, அதுக்கு முன்னாடிங்க.”

“என்ன ஆச்சு?”

“தெரியாதுங்க. சேதி மட்டுந்தான்.” அவள் குரலில் அழுகை இல்லை. பல வருடமாகச் சொல்லிப் பழகிய குரல்.

“பையன் பேரு?”

அவள் விளக்குத் திரியை இறக்கினாள். “தனகோட்டிங்க.”

வீடு சந்திக்கப் போனால் செயலாளர்தான் ஜெபித்து முடிக்க வேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம். போதகர் ஜெயசீலனின் தோளைத் தொட்டார்.

“நீங்க ஜெபிக்கிறதுதான் பொருத்தம். உங்க சின்ன வயசுலயே உங்கம்மா தவறிட்டதா சொன்னீங்களே. இவங்க வலி உங்களுக்குப் புரியும். பையன் பேரைச் சொல்லி ஜெபிங்க.”

கிருபாகரனும் போதகரும் கண்களை மூடினார்கள்.

“கர்த்தாவே” என்றார் ஜெயசீலன். “மகனை இழந்த இந்தத் தாயை...”

கண்ணைத் திறந்தார். மாணிக்கம்மாள் கண்ணை மூடவே இல்லை. அவரையே பார்த்து, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க” என்றார் போதகர், கண்ணைத் திறக்காமல். “தனகோட்டியை இழந்த...”

“ஐயா, தனகோட்டி நான்தான்.”