மேட்னி டிக்கெட்

அக்காக்களைப் பெண் பார்க்க வரும் நாளெல்லாம் எனக்குத் திருவிழா. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமலிருக்க, தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அம்சா அத்தையை மேட்னிக்கு அனுப்பிவிடுவார்கள். துணைக்கு நான். இடைவேளையில் அத்தை முறுக்கை மூன்றாக உடைப்பாள். எனக்கொன்று, அவளுக்கொன்று, பக்கத்துக் காலி சீட்டுக்கு ஒன்று. "அவங்களுக்கும் பசிக்கும்ல?" என்பாள். அந்த முறுக்கின் ருசி பிறகு எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நான் விழுங்கத் தொடங்கி ஆறு வருடமாகிறது. இன்று என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். காலையில் மகன் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கைபேசியை நீட்டினான். "அம்மா, உனக்கு மேட்னிக்கு டிக்கெட் போட்டிருக்கேன். நல்ல படமாம்." எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையைத் திரும்ப பீரோவில் வைத்தேன். "பக்கத்து சீட்டையும் சேர்த்துப் போடுப்பா" என்றேன்.