கணவர் மட்டும்

இதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம். அன்ரனெற் சொன்னது, சொல்லும்போது அடிக்கடி நிறுத்திவிடுவாள். அவள் பேசாமல் இருந்த இடங்கள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

"உந்த மனுசன் எங்கை துலைஞ்சான்?" என்றாள் அன்ரனெற். "பெண்சாதி மூச்சுக்கு மூச்சு புருசனைக் கேக்கிறா. ஆளைக் காணேல்லை."

ஸ்காபுறோவில் ஒரு மருத்துவமனை. பனியை அள்ள இராணுவத்தைக் கூப்பிட்ட அந்த ஜனவரி. அன்ரனெற் அங்கே தாதியருக்கு உதவியாளர். கிறிஸ்துநாயகம் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்.

"இந்தப் பனிக்கை பஸ்ஸே ஓடேல்லை, பிள்ளை. மனுசன் எப்பிடி வாறது?"

"நீங்கள் மல்வேர்னிலையிருந்து நடந்து வந்தனீங்கள்தானே, அண்ணை?"

"நான் வேலைக்கு வந்தனான். மனுசி படுத்திருந்தா வந்திருப்பனோ தெரியாது."

அன்ரனெற் அவரை முறைத்தாள்.

உள்ளே கிடந்தவள் ஒபியகேலி. நைஜீரியாவின் இக்போ இனத்தவள்; மகளோடு வாழ வந்த இடத்தில் நியூமோனியா. அவளுடன் ஆம்புலன்சில் வந்தவள் உகோயே என்ற கிழவி. வந்ததிலிருந்து கட்டிலடியை விட்டு அசையவில்லை. ஒபியகேலியின் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

முந்தின நாள் அன்ரனெற் அவளிடம் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்திருந்தாள். "இவளைக் கேட்டு இவளுடைய அப்பா வீட்டுக்கு ஆடும் கிழங்கும் பனங்கள்ளும் கொண்டுபோனவள் நான்" என்றாள் கிழவி, பெருமையாக.

"எங்கள் ஆட்களில் பெண் வீட்டார்தான் கொடுக்கவேண்டும். நீங்கள் நல்ல மாமியார்" என்று அன்ரனெற் சிரித்தாள். கிழவி சிரிக்கவில்லை. அந்தப் பகிடி புரியாதவள்போல அவளைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஒபியகேலிக்கு மூச்சுத் தடுமாறியதும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வாசலில் தலைமைத் தாதி மறித்து நின்றாள். "கணவரும் பிள்ளைகளும் மட்டும்."

கிழவி தலையாட்டிவிட்டு உள்ளே நடந்தாள். தாதி அவளைத் தோளில் பிடித்துத் திருப்பினாள். "கணவர் மட்டும்" என்று ஒவ்வொரு சொல்லாக, உரத்துச் சொன்னாள். கிழவி இன்னும் பலமாகத் தலையாட்டினாள். மறுபடியும் உள்ளே போகப் பார்த்தாள்.

"பதகளிப்பிலை மனுசிக்கு ஒண்டும் விளங்கேல்லை, பாவம்" என்றார் கிறிஸ்துநாயகம். இருவருமாக அவளை நடத்திக் கொண்டுபோய்த் தாழ்வாரத்து வாங்கில் இருத்தினார்கள்.

ஒபியகேலி ஒக்சிசன் மூடிக்குள்ளிருந்து கணவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்ரனெற் வெளியே வந்து லிப்ற் கதவைப் பார்ப்பாள். அது திறக்கும்போதெல்லாம் ஒரு ஆபிரிக்கக் கிழவர் இறங்குவார் என்று காத்திருப்பாள். பிறகு உள்ளே போய், "வந்துகொண்டிருக்கிறார்" என்று பொய் சொல்வாள்.

மத்தியானத்துக்கு முன் ஒபியகேலியின் மூச்சு அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. வேலை விஷயமாக எட்மன்ரன் போனவள், பனியால் அங்கே விமான நிலையத்தில் அகப்பட்டிருந்தாள். அன்ரனெற் செய்தியைச் சொல்லிவிட்டு, அவள் அழுது ஓயும்வரை காத்திருந்தாள்.

"உங்கள் அப்பாவும் கடைசிவரை வந்து சேரவில்லை" என்றாள்.



"அம்மாவோடு ஆம்புலன்சில் வந்தது யார் என்று நினைத்தீர்கள்?" என்றாள் மகள். "உகோயேக்குப் பிள்ளையில்லை, புருஷனும் செத்துப்போனார். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பெண், முறைப்படி இன்னொரு பெண்ணை மணம் முடிக்கலாம். பெற்றவன் யாராயிருந்தாலும், பிறக்கும் பிள்ளைகள் மணந்தவளுடைய வீட்டுப் பிள்ளைகள். உகோயேதான் என் அம்மாவின் கணவர்."

அன்ரனெற் தாழ்வாரத்துக்குப் போய்க் கிழவியின் பக்கத்தில் இருந்தாள். ஒபியகேலி போய்விட்டதைச் சொன்னாள். "நீங்கள் வாசலிலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள்.

கிழவி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"முன்பு எங்கள் ஊரில் வெள்ளைக்காரத் துரை ஒருவன் வழக்குக் கேட்பான். அவன் முன்னால் நின்று, இவள் என் மனைவி என்று வாய்விட்டுத்தான் சொன்னேன். அவன் சிரித்தான். வெளியே கிடந்த வாங்கைக் காட்டி, அங்கே போய் இரு என்றான்."

பிறகு கேட்டாள்: "அவள் என்னைக் கூப்பிட்டாளா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னாள் அன்ரனெற்.

கிறிஸ்துநாயகம் ஓய்வு பெற்றுவிட்டார். அன்ரனெற் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். மகள் வோபர்னில் இருக்கிறாள். ஒபியகேலியின் உடலை ஊருக்குக் கொண்டுபோய், அவர்கள் வழக்கப்படி, கணவரின் வீட்டு வளவில் புதைத்தார்கள். மறுவருடம் உகோயேயும் இறந்தாள். அவளைப் பக்கத்தில் வைத்தார்கள்.