சர்வேயர் வீட்டுத் தண்ணீர்

"அண்ணி, வாளியைக் கீழ வைங்க. இந்த வீட்டுல நான் ஒரு சொட்டுத் தண்ணி அள்ள மாட்டேன், சொல்லிட்டேன்!"

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கணுக்கால் தண்ணீரில் நின்றபடி சுவரிலிருந்த போட்டோவை முறைத்தாள். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த கேடயத்தை அணைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய அதில் சிரித்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். 'அந்த சர்வேயர்தான் இவன்' என்று அண்ணி இப்போதுதான் அவள் காதோடு சொல்லியிருந்தாள்.

அந்த சர்வேயர்! போன வருஷம் மாடித் தொட்டி உடைந்து அண்ணனின் துணிக்கடை முழுக்க நனைந்தபோது, சேதத்தைப் பார்வையிட வந்த மகராசன். நாலாம் நாள் வந்தான், சுற்றிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், ஒரு பைசா தேறாது என்று எழுதிவிட்டுப் போனான். எட்டு மாதம் கம்பெனியோடு மல்லுக்கட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. கடை போயிற்று. அண்ணன் அன்றைக்குப் பேச்சைக் குறைத்தவர்தான், இன்றுவரை வாய்விட்டுச் சிரிக்கவில்லை.

அப்போது வேறு ஊரில் இருந்த சின்னவளுக்கு இதெல்லாம் அரையும் குறையுமாகப் போனில் கேட்ட கதை. இங்கே குடிவந்த பிறகுதான், அண்ணியோடு சேர்ந்து வீடு சுத்தம் செய்யும் இந்த வேலையை ஆரம்பித்தாள். கேட்ட கதைக்கே அவளுக்கு இந்தக் கொதிப்பு.

"வந்த வேலையைப் பாரு," என்றாள் அண்ணி. குரலில் ஒரு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ரெண்டு நாள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பூட்டின வீட்டுக்குள்ள குழாய் வெடிச்சு இப்படி ஆயிடுச்சு. கதவைத் திறந்த பதட்டத்துல என் போனும் தண்ணில விழுந்து செத்துப் போச்சு. பக்கத்து வீட்டு போன்லதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"சார் எங்க மேடம்?"

"வெளியூர்ல சர்வே. விஷயத்தைச் சொன்னேன், 'இதோ கிளம்பிட்டேன்'னார், அதோட லைன் கட். அவர் வர்றதுக்குள்ள மூலை முடுக்கெல்லாம் தேய்ச்சுப் பழையபடி ஆக்கிடணும்."

"அப்போ ஒரு போட்டோகூட எடுக்கலையா?"

"இந்தக் கண்றாவியைப் போய் யாரும்மா போட்டோ எடுப்பாங்க?"

"அதுவும் சரிதான்," என்ற அண்ணி, வாளியை எடுத்தாள்.

அப்படி ஒரு வேலையை அண்ணி செய்து சின்னவள் பார்த்ததே இல்லை. தண்ணீரை அள்ளிக் கொட்டினாள், சேற்றை வழித்தாள், சாப்பிடக்கூட உட்காரவில்லை. சம்பளத்துக்கு மாரடிக்கிற வேலையா இது? சொந்த வீட்டுக்குக்கூட யாரும் இப்படி உழைக்க மாட்டார்கள்.

"மேடம், இந்த சோபா, மெத்தை, அலமாரி எல்லாம் ஊறிப் போச்சு. இனிமே காயாது. நாத்தம் குடலைப் புடுங்கும். மூணு மணிக்குக் குப்பை லாரி வரும், ஏத்திடட்டுமா?"

"தாராளமா ஏத்துங்க! கண்ணுல படாம போனா சரி."

மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது சின்னவளால் பொறுக்க முடியவில்லை. "உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா அண்ணி? நான் மட்டும் தனியா வந்திருந்தா, இன்னும் நாலு குழாயைத் திறந்து விட்டுட்டுப் போயிருப்பேன். நம்ம வயித்துல அடிச்சவனுக்கு முதுகொடியப் பாடுபடறீங்களே!"

"பார்த்து இறங்கு. விழுந்துடாத."

அவ்வளவுதான் பதில். சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவளாக இருக்கலாம், அதற்காக இப்படியா? அண்ணன் இதைக் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்?

லாரி போனதும் அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பினாள். தண்ணீர் நின்ற உயரத்துக்கு வீடு முழுக்க ஒரு பழுப்புக் கோடு ஓடியது. மருந்தைத் தெளித்து, மண்டிபோட்டு, அதை அங்குலம் அங்குலமாகத் தேய்த்தாள்.

"இங்க இன்னும் லேசாத் தெரியுது பாரு. நல்லா அழுத்தித் தேய்."

"தேய்ச்சுத் தொலைக்கறேன்!"

ஐந்து மணிக்கு வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்மா" என்று உருகினாள். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது. சர்வேயர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார். வந்தவர் நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"தண்ணி எங்க? சோபா எங்கடி?"

"எல்லாம் லாரில போயாச்சு. வீடு எப்படி இருக்கு, பார்த்தீங்களா?"

"அடிப்பாவி!" தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார் சர்வேயர். "நம்ம வீட்டுக்கும் இன்சூரன்ஸ் இருக்குடி! தகவல் சொல்லிட்டேன், நாளைக்குக் காலைல சேதத்தைப் பார்க்க ஆள் வர்றான். அவனுக்கு நான் எதைக் காட்டுவேன்?"

வெறிபிடித்தவர் மாதிரி அண்ணியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒரு கறைகூட விட்டு வைக்காம இப்படியா துடைப்பாங்க? உனக்கு அறிவு வேண்டாம்?"

அண்ணி துடைக்கும் துணியை நிதானமாகப் பிழிந்து வாளியில் போட்டாள். அந்த முகத்தில் ஒரு சிரிப்பைச் சின்னவள் அப்போதுதான் பார்த்தாள்.

"எங்க கடையைக் கழுவி வெச்சதுக்காக க்ளெய்ம் கிடையாதுன்னு எழுதினது நீங்கதானே சார்?"