கடைசி வார்த்தை

ஒரு போரில் களமிறங்கிய பாராசூட் படையின் உண்மைக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்துக்கொண்டிருந்தார் இயக்குநர். தவறு கண்டுபிடித்துச் சொல்ல, அந்தப் போரில் குதித்த பெரியவர் ஒருவரையே அமர்த்தியிருந்தார். மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாராசூட் வாரை இவ்வளவு தளர்வா கட்டினா குதிக்கிறப்பவே நழுவிடும், சார். இந்த பூட்ஸ் போர் முடிஞ்சப்புறம்தான் வந்துச்சு."

இதற்காகவே இரண்டு காட்சிகளைத் திரும்ப எடுத்தாயிற்று. இயக்குநருக்குத் தலைவலி.

எடிட்டிங் அறையில் அடுத்த காட்சி ஓடியது. பாராசூட் விரியாமல் விழுந்த வீரன், நண்பனின் மடியில் கிடந்தபடி, "வலிக்கவே இல்லைன்னு அம்மாகிட்ட சொல்லுடா" என்று முனகிவிட்டுக் கண் மூடினான்.

"இது அப்படியே இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

இயக்குநர் சிரித்துவிட்டார். "நீங்களா சொல்றீங்க? அவ்வளவு உயரத்துலேர்ந்து விழுந்தவன் பேசுவானா? நானே வெட்டிடலாம்னு இருந்தேன்."

"பேசல, சார். நான் ஓடிப் போறப்பவே உயிர் இல்ல."

"அப்போ இது பொய்தானே?"

"பொய்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னாடி அவன் அம்மாகிட்ட நான் சொன்ன பொய். அவங்க இன்னும் இருக்காங்க, சார். இந்தத் தொடருக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

அந்தக் காட்சியில் ஒரு நொடியைக்கூட இயக்குநர் வெட்டவில்லை.